வாடகைச் சேமிப்பறைக்குப் போன காமிக்ஸ் பெட்டிகள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

நங்கநல்லூர், சென்னை

பள்ளி நாள்களிலிருந்து முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்து வருபவன் நான். 2021இல் எங்கள் தனி வீட்டை இடித்து அடுக்குமாடியாகக் கட்டக் கொடுத்தபோது சிறிய வாடகை வீடு ஒன்றுக்கு மாற வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1,400 இதழ்கள் அடங்கிய பதினோரு பெட்டிகளுக்கு அங்கே இடமில்லை. புறநகரில் மாத வாடகைக்குச் சேமிப்பறை தரும் நிறுவனம் ஒன்றில் ஓர் அறை எடுத்தேன். பூட்டும் சாவியும் என்னுடையவை, வாசலில் காவலாளி, நடைவழியெங்கும் கேமரா. திருட்டை மட்டுமே நினைத்து அஞ்சியவனுக்கு அவ்வளவும் போதுமானதாகத் தோன்றியது.

முதல் மூன்று மாதங்கள் தவறாமல் போய்ப் பார்த்தேன். பிறகு வேலை, வீட்டுக் கட்டுமானம், அம்மாவின் அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, அடுத்த முறை கதவைத் திறந்தபோது பதினான்கு மாதங்கள் கடந்திருந்தன. பெட்டியைத் தொடும் முன்பே மக்கல் வாடை முகத்தில் அடித்தது.

மழைநீர் உள்ளே வரவே இல்லை. தரை காய்ந்துதான் இருந்தது, பெட்டிகளின் அட்டையும் நனைந்திருக்கவில்லை. கேடு செய்தது நான் செய்த பாதுகாப்புதான். ஐப்பசி மழைக்காலத்தில், காற்றே ஈரமாக இருந்த ஒரு நாளில், ஒவ்வோர் இதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை ஒட்டுநாடாவால் அடைத்து, பெட்டியையும் இறுக மூடியிருந்தேன். அந்த அறையின் கூரை தகடு. பகலில் அறை கொதித்து, இரவில் குளிரும்போது, உறைக்குள் சிறைப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றித் தாளிலேயே படிந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 அல்லது 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதையும், சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான் என்பதையும் பிறகுதான் படித்தேன். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஓரிரு பொட்டலம் போட்டிருந்தேன்; நீலமாக இருந்த மணிகள் எல்லாம் இளஞ்சிவப்பாகி, எப்போதோ நிறைந்துபோய்க் கிடந்தன. அவற்றை அவ்வப்போது வெளியே எடுத்துச் சூடாக்கி உலர்த்தாவிட்டால் அவை வெறும் மணிகள்தான்.

இதழ்களின் நடுவே இருந்த கம்பிப் பின்கள் துருப்பிடித்து, இரு பக்கமும் காவி நிறத்தில் கறை இறங்கியிருந்தது. 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸின் ஆரம்ப இதழ்கள் இருந்த பெட்டியில் ராமபாணப் பூச்சி முதல் இதழின் அட்டையில் நுழைந்து ஏழாவது இதழின் முதுகில் வெளியேறியிருந்தது. ஐந்து பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததால் அடியில் இருந்தவற்றின் இதழ்கள் வளைந்து, அந்த வளைவிலேயே இறுகிவிட்டன. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி' என்னிடம் இல்லையே என்று முப்பது ஆண்டுகள் ஏங்கியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது இல்லாததற்காக நிம்மதி அடைந்தேன்.

இழப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தப் படிவத்தில் பொருளின் விவரம், மதிப்பு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. காப்பீட்டுக் கட்டணம் குறையுமே என்று 'பழைய புத்தகங்கள், ரூ.5,000' என்று நானே எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். பூஞ்சணமும் பூச்சியும் காப்பீட்டில் அடங்காது என்ற வரி அதே தாளின் மறுபக்கத்தில் இருந்தது. நிறுவனத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வாடகைக்கு விட்டது இடத்தைத்தான், கவனிப்பை அல்ல. இதே ஈரமும் பூச்சியும் வீட்டுப் பரணிலும் வரக்கூடியவைதான், ஆனால் வீட்டில் வாடை வந்த இரண்டாம் நாளே யாராவது ஒருவர் "என்ன நாற்றம்?" என்று கேட்டிருப்பார்.

இதுபோல் நேர்ந்தவர்கள் எழுதுங்கள்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

உங்கள் பதிவைப் படித்ததும் என்னுடைய பெட்டிகளை நினைத்துக்கொண்டேன், ஐயா. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் அமெரிக்க இதழ்கள். கூடவே மதுரையில் அப்பா சேர்த்து வைத்திருந்த தமிழ் இந்திரஜால் காமிக்ஸ் ஒரு பெட்டி. 'தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்டது' என்ற விளம்பரத்தை நம்பி, கூடுதல் வாடகைக்கு மாடியில் அறை எடுத்தேன். அந்தச் சொற்றொடருக்குப் பல இடங்களில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது என்பது மட்டுமே பொருள், ஈரப்பதத்துக்கு எந்த உறுதியும் இல்லை என்பது 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது புரிந்தது. மாடி என்பதால் வெள்ளம் தொடவில்லை. ஆனால் மின்சாரம் போய்க் குளிர்சாதனம் நின்ற நாள்களில், கீழ்த்தளம் முழுவதும் நீர் நின்ற அந்தக் கட்டடம் இட்லிப் பானை போல ஆகிவிட்டது.

அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீரால் வரவில்லை. கடன் அட்டை காலாவதியாகிப் புதிய அட்டை வந்தபோது, சேமிப்பறைக் கணக்கில் எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். வாடகை தானாகக் கழியாமல் நின்றது. அறிவிப்புகள் நான் பயன்படுத்தாத பழைய மின்னஞ்சலுக்கும் பழைய வீட்டு முகவரிக்கும் போயின. இங்கே வாடகை பாக்கி விழுந்தால், முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு அறையில் உள்ளதை ஏலம் விட மாநிலச் சட்டமே இடம் தருகிறது. ஏலம் இணையத்தில் நடக்கும். கதவைத் திறந்து எடுத்த சில படங்களை மட்டும் பார்த்து, பெட்டிக்குள் என்ன என்று தெரியாமலே யாரோ கேட்பார்கள். என் பூட்டை நீக்கிவிட்டு அவர்களுடைய பூட்டைப் போட்டிருந்தார்கள். பூட்டு மாறியிருந்ததைத் தற்செயலாகப் பார்த்த நண்பர் ஒருவர் சொல்லித்தான், ஏலத்துக்கு முந்தைய மாலையில் பாக்கியைக் கட்டி மீட்டேன். அப்பாவின் பெட்டியில் அவர் கையெழுத்தில் எண் இட்ட வேதாளர் (முகமூடி வீரன் ஃபேன்டம்) இதழ்கள் இருந்தன. எவனோ ஒருவன் மொழி தெரியாமல் அவற்றைக் குப்பையில் வீசியிருப்பான்.

இந்த ஏலங்களில் புதையல் கிடைப்பதும் உண்டு என்று சொல்பவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். நடிகர் நிக்கோலஸ் கேஜ் வீட்டிலிருந்து 2000இல் திருடுபோன ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 2011இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு சேமிப்பறையிலிருந்து கிடைத்து, அதே ஆண்டு இறுதியில் 21.6 லட்சம் டாலருக்கு விற்றது. சூப்பர்மேன் அறிமுகமான 1938ஆம் ஆண்டு இதழ் அது. கிடைத்தவருக்குக் கதை, தொலைத்தவருக்குப் பதினோரு ஆண்டுகள்.

வேளச்சேரி

என்னுடையது நிறுவனம்கூட இல்லை. தெருமுனையில் ஒருவர் தரைத்தள ஷட்டர் அறையை மாத வாடகைக்குக் கொடுத்தார், பழைய நாற்காலிகளோடு நான்கு பெட்டிகளையும் அங்கே வைத்தேன். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் வந்த வெள்ளம் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷட்டரைத் தூக்க முடிந்தது ஐந்தாம் தேதி.

நான் எதிர்பார்க்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். மட்டமான சாணித்தாளில் அச்சான எண்பதுகளின் இதழ்கள் பிழைத்துக்கொண்டன. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து மின்விசிறிக்கடியில் உலர்த்தியபோது கறையும் சுருக்கமும் இருந்தாலும் படிக்க முடிந்தது. 2012இல் லயன் மறுவருகைக்குப் பின் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் வண்ணத்தில் வந்தவை, விலையும் அதிகம் கொடுத்தவை, செங்கல்லாகிவிட்டன. அந்தத் தாளின் மேற்பூச்சு நனைந்து காயும்போது பசைபோல ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஒரு பக்கத்தின் படம் அடுத்த பக்கத்தோடு உரிந்து வரும். நனைந்தவற்றைக் காயவிடாமல் உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்திருந்தால் பூஞ்சணம் தடைபட்டு, பிறகு நிதானமாகப் பிரிக்க நேரம் கிடைத்திருக்கும் என்று ஒரு நூலகர் பின்னர் சொன்னார். அன்றைக்கு எங்கள் பகுதியில் மின்சாரமே இல்லை என்பது வேறு.

சிங்கப்பூர்

எல்லோரும் அச்சுறுத்துவதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுகளாகக் குளிரூட்டிய சேமிப்பறையில் வைத்திருக்கிறேன். ஓர் இதழும் கெடவில்லை. ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்து, மாதம் ஒரு முறை போய்க் கணக்கு எழுதுகிறேன், 55ஐத் தாண்டியதில்லை. பெட்டிகள் தரையைத் தொடாமல் இரும்பு அடுக்கில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கின்றன. இதழ்களைப் படுக்க வைக்காமல் அமிலமற்ற அட்டையோடு நிமிர்த்தி வைத்திருக்கிறேன். இதுவரை கட்டிய வாடகையைக் கூட்டிப் பார்த்த என் மனைவி, அந்தப் பணத்தில் மறுபதிப்புகளையே இரண்டு முறை வாங்கியிருக்கலாம் என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நங்கநல்லூர், சென்னை

அனைவருக்கும் நன்றி. ஹூஸ்டன் நண்பர் சொன்னதைப் படித்தவுடன் என் கணக்கில் தம்பியின் கைபேசி எண்ணையும் சேர்த்துவிட்டேன். இதழ்களின் பட்டியலை அட்டைப் படத்தோடு தயாரித்து வருகிறேன், அறுநூறு முடிந்திருக்கிறது. அதை வைத்து மதிப்பைத் திருத்தி எழுதித் தந்தால் ஏற்பார்களா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. ஒட்டுநாடாவை எல்லாம் நீக்கி, உறைகளின் வாயை மடித்து மட்டும் விட்டிருக்கிறேன். அம்மா சொன்னபடி ஒவ்வொரு பெட்டியிலும் துணியில் முடிந்த வசம்பும் உண்டு. பூச்சிக்கு ஆகும் என்கிறார், ஈரத்துக்கு ஆகாது என்பது எனக்கும் தெரியும்.

மிக மோசமான நான்கு பெட்டிகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். துருப்பிடித்த பின்களை மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்துவிட்டேன். அவற்றின் இடத்தில் நூல் தையல் போட்டவர்கள் யாராவது இருந்தால், எந்த நூல், பழைய துளைகளையே பயன்படுத்தினீர்களா என்று எழுதுங்கள்.