8 வயசுப் பையனுக்கு எந்த அளவு சேணம்?

கேள்வி: மகன் மட்டக்குதிரையில் பழகுகிறான். என் 17 அங்குலச் சேணமே போதுமா? பழைய 15 அங்குலம் ஒன்று விலைக்கு வருகிறது.

பதில் 1: 17 வேண்டாங்க. பின்னால் சரிந்து உட்காருவான், கால் முன்னே ஓடிவிடும். உட்கார்ந்ததும் பின்பக்கம் நாலு விரல் இடம் இருந்தால் சரி. குதிரைக்கும் பொருந்தணும்: விரிப்பில்லாமல் வைத்து, பையன் ஏறின பிறகு தோள்மேட்டுக்கும் (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) சேணத்துக்கும் நடுவே 2, 3 விரல் நுழையணும். உருண்டை முதுகில் சேணம் புரளும். வயிற்று வாரை இறுக்கினால் மட்டும் அது தீராது.

பதில் 2: சேணத்தைவிட எனக்கு அங்கவடிதான் (பாதம் வைக்கிற இரும்பு) பயம். பூட்ஸின் அகலமான இடத்தைவிட 1 அங்குலம் கூடுதலாக இருக்கணும். குறுகினால் கால் சிக்கும். அகலமானால் பாதம் முழுக்க நுழைந்துவிடும். இரண்டிலும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு பக்கம் இரும்புக்குப் பதில், இழுத்தால் கழலும் ரப்பர் வளையம் வைத்தது வாங்குங்க, வளையம் வெளிப்பக்கம் இருக்கட்டும். அங்கவடி வார் மாட்டும் கம்பியின் கொக்கியை மூடிவிடாதீங்க, விழுந்தால் வார் கழன்று வரணும்.

பதில் 3: பழையதென்றால் சேணத்தின் முன்மேட்டையும் பின்மேட்டையும் பிடித்து உள்நோக்கி அழுத்துங்க. இருக்கைத் தோல் நடுவில் மடிந்தாலோ 'கறக்' என்றாலோ உள்சட்டம் (சேணத்துக்குள் இருக்கிற எலும்புக்கூடு மாதிரி) உடைஞ்சு போச்சு. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வார்த் தையலையும் நகத்தால் கீறிப் பாருங்க.