முறை வருவதற்கு முன்பே வரும் சண்டை

பந்தலூர் ஆசிரியை:

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் வகுப்பில் அடங்காத பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். 2023 ஜூனில் நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளிக்கு வந்தேன். சொந்த ஊர் விருதுநகர். பந்தலூர் மழை தகரக் கூரையில் கொட்டும்போது நான் பேசுவது எனக்கே கேட்காது. பிள்ளைகளில் பாதிப் பேர் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்கள். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் வழிவந்தவர்கள்.

ஏழாம் வகுப்பில் ஒருவன். "அவனை வெளியே நிறுத்திடுங்க டீச்சர், வகுப்பு அமைதியாகிடும்" என்று முதல் வாரமே சொன்னார்கள். நானும் இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன். அடிப்பது மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதும் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். வாசலில் நிறுத்துவதும் அதில்தான் சேரும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்றைக்கும் அது வருத்தம்தான்.

ஒரு நாள் உரைநடைப் பாடம். வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கிறார்கள். அவன் முறைக்கு இன்னும் இரண்டு பேர். பக்கத்துப் பையனின் ஸ்வெட்டர் கையைப் பிடித்து முறுக்கினான், அவன் கத்தினான். நான் வாயெடுக்கும் முன்பே இவன் எழுந்து வாசலுக்குப் பாதி தூரம் போய்விட்டான். மறுநாள் கடைசி பெஞ்சிலிருந்து வாசிக்கச் சொன்னேன். அன்றும் சரியாக இரண்டு பேருக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது.

அவன் நோட்டுதான் வகுப்பிலேயே அழகு. முத்து முத்தான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் நான் போட்ட கையெழுத்து. தனியாக உட்காரவைத்து அவன் எழுதியதையே வாசிக்கச் சொன்னேன். க, ம, ப தெரிந்தது. கொம்பு வந்ததும் நின்றுவிட்டான். கரும்பலகையைப் பார்த்து எழுத்துகளை வரைந்திருக்கிறான். கொரோனாவில் பள்ளியை மூடியபோது அவன் மூன்றாம் வகுப்பு. 2021 நவம்பரில் திறந்தபோது ஐந்தாம் வகுப்பு. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் செல்போன் டவரும் கிடையாது.

ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் கூசிப்போவான். அதனால் பஸ் போர்டில் தொடங்கினோம். சேரம்பாடியில் இரட்டைக்கொம்பு, கொளப்பள்ளியில் ஒற்றைக்கொம்பு. கொளப்பள்ளியின் 'கொ'வை வைத்தே 'கொழுந்து' என்று எழுதினான். அம்மா தினமும் பறிக்கப் போவதை அன்றுதான் முதல்முறை எழுத்தில் பார்த்தானாம்.

நேரம் கிடைத்தது காலையில். மூன்றாம் வகுப்புத் தங்கையைப் பள்ளியில் அரசு தரும் காலை உணவுக்குக் கூட்டி வருவான். அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான்; அவள் சாப்பிட்டு முடியும்வரை இவன் வராந்தாவில் நிற்பான். என் டப்பாவில் நாலு இட்லி கூடுதலாக வைத்துக்கொண்டேன். ஆறு முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கும் காலையில் பசிக்கும் என்பதை எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டுத் தேர்வில் தமிழில் 31. ரேங்க் கார்டில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆகஸ்டில் நிமிடத்துக்கு நாலு சொல் வாசித்தவன் மார்ச்சில் முப்பதைத் தாண்டினான். அதைத் தனி நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்து அவன் அம்மாவிடம் காட்டினேன்.

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து:

எங்கள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பூண்டு எடுக்கும் சமயத்தில் வாரக்கணக்கில் வரமாட்டாள். வந்தாலும் கேட்டதற்குப் பதில் வராது. திமிர் என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பூண்டைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரித்துக்கொண்டே, மண்டிக் கமிஷன் போக எவ்வளவு நிற்கும் என்று அப்பாவுக்கு மனக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். சதவீதப் பாடத்தில் வாயே திறக்காத பிள்ளை! தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். "சரி டீச்சர், இனி சனி ஞாயிறு மட்டும் காட்டுக்கு வரட்டும்" என்றார். அந்த வாரத்திலிருந்து வருகிறாள்.

ஒன்று கேட்கவேண்டும். உங்கள் பையன் தடுமாறும்போது மற்ற பிள்ளைகள் சிரிக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?

பந்தலூர் ஆசிரியை:

வரிசை முறையையே விட்டுவிட்டேன். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒரே புத்தகத்தில், ஒரே குரலில் வாசிப்பார்கள். அவனுக்கு ஜோடி அந்த ஸ்வெட்டர் பையன்.