ஓட்டம் ஓய்ந்த நாய்கள்: வன்னியிலிருந்து அனுபவப் பகிர்வு

கிளிநொச்சி, திருவையாற்றிலிருந்து:

பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட நாயை வீட்டில் வளர்க்க முடியுமா, அது பிள்ளைகளைக் கடிக்காதா என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணில் இருக்கும் என் மகள் அப்படியொரு நாயை, கிரேஹவுண்ட் என்ற பந்தய இன நாயை, தத்தெடுத்திருக்கிறாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நானும் மனைவியும் போய்த் தங்கியிருந்த காலத்தில்தான் அந்த நாய் வீட்டுக்கு வந்தது. ஆகையால் அதன் முதல் நாட்களை நேரிலேயே கண்டேன்.

பந்தய நாய் என்றால் நாள் முழுவதும் ஓடித் திரியும் என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர் வேகத்தை எட்டக்கூடிய பிராணிதான் அது. ஆனால் ஒரு பந்தயம் பெரும்பாலும் அரை நிமிடமளவில் முடிந்துவிடும், நெடுந்தூரம் ஓடுவதற்கான உடல் அதற்கு இல்லை. காலையிலும் மாலையிலும் வாரில் பிடித்து நடத்திச் சென்றால் போதும், மிகுதி நேரத்தில் பெரும்பகுதியை நித்திரையிலேயே கழிக்கும்.

அதற்குத் தெரியாதது வீடுதான். குட்டிப் பருவத்திலிருந்தே கொட்டில்களில், தன் இனத்து நாய்களோடு மட்டும் வளர்ந்ததால், படிக்கட்டையும் கண்ணாடிக் கதவையும் தொலைக்காட்சியையும் அது கண்டதே இல்லை. மாடிப்படியின் அடியில் நின்று பின்னங்கால்கள் நடுங்க மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மருமகன் அதன் பின்னால் குனிந்து நின்று, முன்னங்கால் ஒன்றை எடுத்து முதற்படியில் வைப்பார். அது அந்தக் காலை ஊன்றிய பிறகே அடுத்த காலைத் தொடுவார். ஒரு தடவைகூட இழுக்கவில்லை. அந்தப் பொறுமைதான் தத்தெடுப்பில் பாதி வேலை என்பது என் எண்ணம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நாய்களிற் பல மனிதரோடு மென்மையாகப் பழகினாலும், ஆழ்ந்த நித்திரையில் இருக்கும்போது யாராவது தொட்டால் திடுக்கிட்டுச் சீறக்கூடும். கொட்டிலில் தனியே படுத்த நாயை நித்திரையில் எவரும் தொட்டதில்லை. அதனால் பெயரைச் சொல்லி எழுப்பிய பிறகே கிட்டப் போக வேண்டும் என்று மகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள், படுக்கையையும் நடைபாதையிலிருந்து விலக்கி ஒரு மூலையில் போட்டிருந்தாள். பூனை, சிறிய நாய், முயல் உள்ள வீடுகளுக்கு இன்னும் கூடிய கவனம் வேண்டும். 1919இல் கலிபோர்னியாவில் இயந்திர முயலை ஓடவிட்டு நடத்திய பந்தயம் தொடங்கிய நாள் முதல் இந்த நாய்களுக்குப் பழக்கப்பட்டதெல்லாம் ஓடுவதைத் துரத்துவதுதான். துரத்தும் வேட்கை நாய்க்கு நாய் வேறுபடும் என்பதால், தத்துக் கொடுக்கும் அமைப்புகள் அதைச் சோதித்த பிறகே வீட்டைத் தெரிவு செய்கின்றன. மெல்பேர்ண் இருக்கும் விக்ரோரியா மாநிலத்தில் இதற்கான திட்டம் 1996 முதல் இயங்குகிறது. அங்கே வளர்ப்புக் கிரேஹவுண்டுகளுக்கு வெளியில் வாய்மூடி கட்டாயமாக இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் அதை நீக்கிவிட்டார்கள், ஆனால் வாரில் பிடித்தே கொண்டுசெல்ல வேண்டும் என்ற விதி தொடர்கிறது.

மகள் வீட்டு நாயின் காதின் உட்புறத்தில் எழுத்துகள் பச்சை குத்தப்பட்டிருந்தன. பட்டி மாட்டுக்குக் குறி சுடும் ஊரில் பிறந்த என் மனைவிக்கு எவரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் காதைத் தடவியபடி, "இதுவும் ஆருடையவோ பட்டியில நிண்டதுதான்" என்றாள். நான்கைந்து வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடுகிற இந்த நாய்கள் பன்னிரண்டு வயதையும் தாண்டி வாழக்கூடியவை. வாழ்நாளின் பெரும்பகுதி பந்தயத்துக்குப் பிறகே வருகிறது என்பதை நினைத்தால், அவற்றை வைத்துப் பணம் பார்த்தவர்களே அந்த ஆண்டுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. புளோரிடாவில் 2018இல் மக்கள் வாக்களித்து, 2020 முடிவோடு பந்தயத்தையே நிறுத்தினார்கள். நியூசிலாந்து அரசும் 2024 டிசம்பரில் அதே முடிவை அறிவித்தது. அவ்வாறு நிறுத்தப்படும்போது ஒரே காலத்தில் பெருந்தொகையான நாய்களுக்கு வீடு தேவைப்படும்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

ஐயா, நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது எங்கள் வளவில் இருக்கும் நாயின் நினைவே வந்துகொண்டிருந்தது. எங்களிடம் கிரேஹவுண்ட் கிடையாது. ஆனால் முத்தையன்கட்டுப் பக்கத்துக் காடுகளில் பன்றிக்கும் உடும்புக்கும் பழக்கப்பட்டு, பன்றியின் கொம்பு விலாவைக் கிழித்த பிறகு எவருக்கும் வேண்டாததாகிப்போன நாய்கள் இங்கே வீதியோரங்களில் திரிகின்றன. அப்படியொன்றைத்தான் நாங்கள் எடுத்தோம். வைத்திருந்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். பெயர் இங்கே தேவையில்லை.

நீங்கள் படிக்கட்டைச் சொன்னீர்கள், எங்கள் நாய்க்கு விறாந்தையே அப்படித்தான் இருந்தது. சோற்றை வைத்தால் படலைக்கு அப்பால் நின்று பார்க்கும், நாங்கள் குசினிக்குள் போன பிறகே வந்து மெல்லாமல் விழுங்கும். குரைக்கவில்லை, எதையும் கடிக்கவில்லை. "நல்ல அடக்கமான நாய்" என்று அயலவர்கள் பாராட்டினார்கள். அது அடக்கம் அல்ல, பயம். காலபோக விதைப்புக் காலத்தில் வந்த நாய், அறுவடை நெருங்கும் வேளையில்தான் முதன்முறையாகக் குரைத்தது. வீட்டில் எல்லோரும் வெளியே ஓடிவந்து பார்த்தோம்.

ஒரு மாலை, தவறிய மாட்டைத் தேடி அயல் வீட்டு அண்ணை நெற்றியில் லைற் கட்டிக்கொண்டு எங்கள் வேலியோரம் வந்தார். அந்த வெளிச்சத்தைக் கண்டதும் நாய் எழுந்து, ஒரு சத்தமும் இல்லாமல், காதுகளை முன்னே நிமிர்த்திக் காட்டுப் பக்கம் பார்த்து நின்றது. விலாவின் தழும்புக்குக் கீழே தோல் துடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவர் லைற்றை அணைத்துவிட்டு அதன் அருகில் குந்தி இருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகே அது படுத்தது. அன்றிலிருந்து இரவில் எங்கள் வளவுக்குள் வருபவர்களிடம் வெளிச்சத்தைக் கையில் தாழ்த்திப் பிடிக்கச் சொல்கிறோம்.

கோழிகள்தான் இன்னும் தீராத பிரச்சினை. கட்டி வைத்தால் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது, ஆனால் கோழி செட்டையடித்து ஓடினால் உடனே எழுந்துவிடுகிறது. மகளுடைய வீட்டில் இதற்கு என்ன செய்தார்கள் என்று ஐயா சொல்ல வேண்டும்.

வவுனியா, நெளுக்குளத்திலிருந்து:

பிரித்தானியாவில் இருக்கும் என் தமையன் வீட்டிலும் ஒரு கிரேஹவுண்ட் இருக்கிறது. 1926இல் மன்செஸ்ரரில் பந்தயம் தொடங்கிய அந்த நாட்டில், ஓய்வு பெற்ற நாய்களுக்கு வீடு தேடுவதற்கென்றே ஓர் அறக்கட்டளை 1975 முதல் இயங்குகிறது. நான் சொல்ல விரும்புவது மருத்துவம் பற்றியது. இந்த இன நாயின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு, சில மருந்துகளை அதன் ஈரல் மெதுவாகவே சிதைக்கும். ஆகையால் தயோபென்ரல் போன்ற மயக்க மருந்திலிருந்து அது தெளிய நெடுநேரம் எடுக்கும். குருதிப் பரிசோதனையிலும் மற்ற நாய்களைவிடச் சிவப்பணுக்கள் கூடுதலாகவும் குருதிச் சிறுதட்டுகள் குறைவாகவும் இருப்பதே அதற்கு இயல்பு. இதை அறியாத மருத்துவர் நோய் என்று கருதக்கூடும். கழுத்து தலையைவிட அகலமானது, சாதாரணக் கழுத்துப்பட்டி கழன்றுவிடும். அதற்கென்று தைத்த அகலமான பட்டியைத்தான் தமையன் போடுகிறார். தோலும் மெல்லியது, வேலிக் கம்பி பட்டாலே கிழிந்துவிடும். முட்கம்பியும் ஈச்சம்பற்றையும் உண்ணியும் நிறைந்த நம் வளவுகளுக்கு ஒரு கிரேஹவுண்டை இறக்குமதி செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒட்டுசுட்டான் தங்கச்சி செய்தது போல, ஊரில் நிற்கிற நாயை எடுங்கள்.

கிளிநொச்சி, திருவையாற்றிலிருந்து:

தங்கச்சி, மகள் வீட்டில் கோழி இல்லை, பக்கத்து வீட்டுப் பூனைதான் இருந்தது. நாய் பூனையைக் கண்டும் திரும்பி மகளின் முகத்தைப் பார்க்கிற அந்த நொடியில் இறைச்சித் துண்டு ஒன்றைக் கொடுப்பாள். தூரத்தில் தொடங்கி, நாட்கணக்கில் கிட்டக் கொண்டுவந்தாள். அப்படியிருந்தும் பூனையோடு அதைத் தனியே விடவில்லை. நீங்களும் கோழிகளைக் கூட்டில் அடைத்த பிறகே நாயை அவிழ்த்து விடுங்கள். விலாவில் காயம்பட்ட நாய் என்பதால், விசர்நாய்த் தடுப்பூசி போடக் கொண்டுபோகும்போது அந்தத் தழும்பையும் முரசின் நிறத்தையும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். முரசு வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதைப் பிந்தவிடக் கூடாது.