கை போன ஃபைட்டர்: உடனே ஒட்டிடலாமா, கதையாக்கலாமா?

குகைவாசி:
என் மேசையில் ஓடும் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதாபாத்திரமா ஆடுற விளையாட்டு) கேம்பெயினுக்கு ஒரு கருத்து வேணும். 2014 விதிகள். டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர், இங்கே நான்) கையேட்டில் விருப்பப்பட்டால் சேர்த்துக்கலாம்னு ஒரு நிரந்தரக் காய அட்டவணை இருக்கு. அதை முதல் நாளே எல்லோரும் பேசி ஒத்துக்கிட்டோம். போன செஷனில் ஆறாம் லெவல் ஃபைட்டர் (வாள்வீரன்) ட்ரால்ங்கிற அரக்கனிடம் அடி வாங்கி ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) பூஜ்யம் ஆகி விழுந்தான். அட்டவணைக்கு உருட்டினால் இருபது முகப் பகடையில் 2. கை போச்சு. கிரேட்சோர்டுன்னு இரண்டு கையால் பிடிக்கிற பெரிய வாள் சுழற்றுற ஆள் அவன்.

அடுத்த ஊர்க் கோயிலில் பெரிய பூசாரி ஒருத்தரை வச்சுக் கையை ஒட்டிடுங்கன்னு அவனை ஆடுற நண்பர் கேட்கிறார். எனக்கு மனசு வரலை. பகடை கொடுத்த கெட்டதை ஒரே ஸ்பெல்லில் (மந்திரத்தில்) துடைச்சுட்டா, அதை எதுக்கு உருட்டினோம்? அந்தக் கையைத் தேடிப் போறதுதான் அடுத்த சாகசம்னு நினைக்கிறேன்.

கோடரிக்காரன்:
அது நீங்க சொல்ல ஆசைப்படுற கதை. அவர் கேட்ட கதை இல்லை.

கணக்கைப் பாருங்க. ஒரு கை போனா இரண்டு கை ஆயுதம் எதையும் தொட முடியாது. 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடை) அடிச்ச ஆள் லாங்சோர்டில் 1டி8க்கு (ஒரு எட்டுமுகப் பகடைக்கு) இறங்கணும். வாளைப் பிடிச்ச கையில் கேடயம் பிடிக்க முடியாது, அதனால் தற்காப்பும் ஏறாது. பெரிய ஆயுதத்துக்குன்னு எடுத்த சண்டை முறை, ஃபீட் (சிறப்புத் திறமை) எல்லாம் கேரக்டர் ஷீட்டில் சும்மா கிடக்கும். போன உறுப்பை வளர்க்கிற ரீஜெனரேட் ஏழாம் நிலை ஸ்பெல். கிளெரிக் (பூசாரிக் கேரக்டர்) 13-ஆம் லெவல் தொட்டால்தான் கிடைக்கும். ஆறாம் லெவல் பார்ட்டிக்கு (சேர்ந்து போற குழுவுக்கு) எட்டாக்கனி. அதுவரைக்கும் ஒவ்வொரு சண்டையிலும் அவர் பாதி ஆளா உட்காரணுமா? உங்களுக்கு அது சாகசம். அவருக்கு தண்டனை.

பழைய பகடை:
இரண்டு பேருமே சாவையும் இழப்பையும் பார்த்து ரொம்பப் பயப்படுறீங்க. 1974-ல் இந்த விளையாட்டு வந்தப்போ கேரக்டர் போடப் பத்து நிமிஷம் போதும். மூணு பகடை, ஆறு தடவை, அவ்வளவுதான். வைட்னு ஒரு பிணப் பேய் தொட்டா சம்பாதிச்ச லெவலே போயிடும். பிறகு வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் எல்ஃப் செத்தா உயிர்ப்பிக்கிற ரெய்ஸ் டெட் ஸ்பெல் வேலை செய்யாது. போனது போனதுதான். அதனால்தான் ஒவ்வொரு கதவையும் காதை வச்சுக் கேட்டுட்டுத் திறந்தாங்க.

கை போன ஃபைட்டரை ஓய்வுக்கு அனுப்புங்க. ஊரில் காவல்படைக்கு வாள் கத்துக்கொடுக்கட்டும். பிளேயர் புதுசா ஒருத்தரை உருட்டட்டும். எல்லா விபத்தையும் சாகசமா மாத்தினா விபத்துன்னு ஒண்ணு இல்லாமலே போயிடும்.

பச்சையிலை:
ஐயா, ஒதுக்கி வைக்கிறதில் எனக்கு உடன்பாடில்லை. எங்க மேசையில் ஒரு ட்வார்ஃப் (குள்ளர் இன) கிளெரிக் செத்துப் போனார். உயிர்ப்பிக்கிற ஸ்பெல்லுக்கு வேண்டிய வைரம் பார்ட்டியில் இல்லை. ட்ரூயிட்டிடம் (இயற்கை மந்திரவாதியிடம்) 1000 தங்கத்துக்கு வாங்கின அபூர்வ எண்ணெய் இருந்தது, செத்தவரைப் புது உடம்பில் கொண்டு வர்ற ரீஇன்கார்னேட் ஸ்பெல் போட்டோம். புது உடம்பு எதுன்னு பகடைதான் முடிவு பண்ணும். டீஃப்ளிங் விழுந்தது. கொம்பும் வாலுமா எழுந்து உட்கார்ந்தார். சொந்தக் கவசத்தை மாட்டிப் பார்த்தார், தோளில் ஏறலை. கவசத்தைத் தோளில் சுமந்துக்கிட்டே குலக்கோட்டைக்குப் போனார், காவலன் கதவைத் திறக்கலை. கதவு இடுக்கு வழியா அம்மாவிடம் அப்பாவோட சுத்தியலில் எந்த இடத்தில் விரிசல் இருக்குன்னு சொல்லித் தன்னை நிரூபிச்சார். அந்த ஒரு செஷனுக்காகவே நான் இந்த விளையாட்டை விடலை. அவர் செத்ததும் புது ஷீட் போட்டிருந்தா இது எதுவும் நடந்திருக்காது.

குகைவாசி அண்ணா, உங்களுக்கு ஒரு நூல் கிடக்கு பாருங்க. வெட்டுப்பட்ட பாகம் கையில் இருந்தா ரீஜெனரேட் உடனே ஒட்டிடும். அப்போ அந்தக் கை இப்போ யாரிடம் இருக்கு? மான்ஸ்டர் மேனுவலில் (அரக்கர் கையேட்டில்) ஊர்ந்து வரும் கை ஒண்ணு வரும். கொலைகாரனோட வெட்டுண்ட கையைத்தான் அப்படி எழுப்ப முடியும். ஃபைட்டரோட கை எழுந்து நடந்துச்சுன்னா, அவன் யாரைக் கொன்னான்?

குகைவாசி:
தங்கச்சி, அது பிரமாதம். ட்ராலை வெட்டினா அதுக்குக் கை திரும்ப முளைச்சிடும், இவனுக்கு முளைக்காது. இவன் கையை ட்ரால் எடுத்துட்டுப் போய் ஒரு ஹேகிடம் (சூனியக்கிழவியிடம்) வித்திருக்கும்னு யோசிச்சிருந்தேன். இது அதைவிட நல்லா இருக்கு.

கோடரிக்காரன்:
பச்சையிலை சொன்னதுதான் என் வாதத்துக்கும் ஆதாரம். ரீஇன்கார்னேட் விதியை முழுசாப் படிங்க. செத்தவரோட ஆன்மா வர விரும்பணும், இல்லைன்னா ஸ்பெல் பலிக்காது. விதியே பிளேயரிடம் சம்மதம் கேட்குது. அந்த கிளெரிக்கை ஆடினவர் "சரி, வர்றேன்"னு சொன்னார், கொம்பு முளைச்சதை அதனால்தான் அவர் ரசிக்க முடிஞ்சது. காய அட்டவணை யாரையும் கேட்கலை. அதோட, உங்க ஃபைட்டரை ஒரு கொலைகாரன்னு நீங்களாவே எழுதப் போறீங்களா? அவரோட பழைய வாழ்க்கையில் கை வைக்கிற வேலை அது. அவர் வாயாலே வரணும்.

குகைவாசி:
கொலை விஷயத்தில் நீங்க சொல்றது நியாயம், அதை அவரிடமே கேட்கிறேன். ஆனா சம்மதம் முதல் நாளே வாங்கினது. அடி விழுந்த பிறகு மறுபடி கேட்டா அட்டவணையைத் தூக்கிப் போட்ட மாதிரிதான்.

கஷ்டத்துக்கு ஈடு கொடுக்கிறேன். ஃபேட்ங்கிற இன்னொரு விளையாட்டில் கேரக்டரோட குறை ஒரு சிக்கலைக் கொண்டு வந்தா பிளேயருக்கு ஒரு ஃபேட் பாயின்ட் கிடைக்கும், வேண்டாம்னா அவர் ஒண்ணைக் கொடுத்துத் தட்டிக் கழிக்கணும். டஞ்சன் வேர்ல்டுங்கிற விளையாட்டில் பகடையில் 6 அல்லது அதுக்குக் கீழே விழுந்தாலே அனுபவப் புள்ளி உண்டு. இங்கேயும் கை இல்லாததால் மாட்டிக்கிற ஒவ்வொரு தடவையும் இன்ஸ்பிரேஷன் தருவேன்.

பழைய பகடை:
ஈடு கொடுத்துக் கொடுத்து வலியை மழுங்கடிக்கிறீங்க. சரி, உங்க மேசை.

கோடரிக்காரன்:
இன்ஸ்பிரேஷனால் ஒரு ரோலில் இன்னொரு பகடை கூடக் கிடைக்கும். ரெண்டாவது கை கிடைக்காது.

இன்னொண்ணு. மேசையில் விசார்டும் (மந்திரவாதி) ரோக்கும் (திருடன்) இருக்காங்கல்ல? ஒருத்தர் கைக்காக எல்லாரும் எத்தனை வாரம் ஹேக் பின்னாடி அலைவாங்க? அவங்க பாதியில் விட்ட கதை என்ன ஆகும்? ஃபைட்டரைத் தனியாக் கூப்பிட்டு வழிகளை வைங்க. கையைத் தேடிப் போறது ஒண்ணு. செயற்கைக் கை ஒண்ணு, 2020 துணைநூலில் சாதாரண மந்திரப் பொருளாவே இருக்கு. ஐயா சொன்ன ஓய்வும் இருக்கட்டும். பூசாரியும் இருக்கட்டும்.

குகைவாசி:
முதல் மூணும் வைக்கிறேன். பூசாரி மட்டும் கிடையாது.

கோடரிக்காரன்:
அவர் வாயைத் திறந்து கேட்டது அந்த ஒண்ணைத்தான், அதையே எடுத்துட்டீங்க. பூசாரியை இலவசமாத் தர வேண்டாம், விலை வைங்க. ஏழாம் நிலை ஸ்பெல் போடுற ஆள் ஊருக்கு ஒருத்தர்தான் இருப்பார், அவருக்கும் தீராத பகை ஒண்ணு இருக்கும். கையை இன்னைக்கே ஒட்டிடுவார், பார்ட்டி அந்தக் கடனைத் தீர்க்கணும். ஃபைட்டர் கிரேட்சோர்டோட போவார், விசார்டுக்கும் ரோக்குக்கும் அதில் வேலை இருக்கும். அவர் அதைத்தான் எடுப்பார்னு எனக்குத் தோணுது. எடுக்கட்டும்.