ஸ்மெதனாவின் ‘என் தாயகம்’: இரவல் மெட்டு தேசிய இசை ஆகுமா?

குழலோசை கேட்டது:
செக் இசையமைப்பாளர் பெட்ரிக் ஸ்மெதனா 1874 முதல் 1879 வரை எழுதிய ‘மா வ்லாஸ்ட்’, அதாவது ‘என் தாயகம்’ என்னும் ஆறு பகுதிகள் கொண்ட வாத்தியக்குழு இசையைச் சில வாரங்களாகக் கேட்டு வருகிறேன். ஆற்றின் பெயர் கொண்ட ‘வல்தவா’ பகுதியின் மெட்டு, ‘லா மாந்தோவானா’ என்ற பழைய இத்தாலிய மெட்டின் சாயல் கொண்டது என்கிறார்கள். இஸ்ரேலின் தேசிய கீதமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாம். அப்படியிருக்க, செக் மக்கள் இதைத் தங்கள் மண்ணின் இசையாகக் கொண்டாடுவது பொருந்துமா?

கருங்காலி எழுதியது:
மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது எதன் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஒரு புல்லாங்குழல் தனியே நெளிகிறது, அதனோடு இன்னொன்று சேர்கிறது. அவை ஆற்றின் இரு ஊற்றுகள். அவை பெருகிக் கலந்த பிறகுதான் நீங்கள் சொல்லும் மெட்டு வயலின்களில் எழுகிறது. அதன்பின் கரையோரக் காட்டில் வேட்டைக் கொம்புகள், ஒரு கிராமத்துத் திருமணத்தில் போல்கா நடனம், நிலவொளியில் நீரணங்குகள், பாறைகளில் மோதும் நீர் என்று பன்னிரண்டு நிமிடங்களில் ஆறு செக் தலைநகரான பிராகாவை அடைந்துவிடுகிறது. அங்கே முதல் பகுதியில் யாழ்கள் மீட்டிய விஷெராட் கோட்டையின் இசை முழு வாத்தியக்குழுவில் திரும்ப ஒலிக்கிறது. ஸ்மெதனாவே ஜெர்மன் மொழியில் கல்வி கற்று, வளர்ந்த பிறகு செக் மொழியைப் பயின்றவர்தாம். தூய்மையை அளவுகோலாக வைத்தால் முதலில் அவரையே விலக்க நேரும்.

மலைச்சாரல் எழுதியது:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ‘வல்தவா’வை மட்டும் கேட்டு முடிவு செய்வது சரியன்று. (இசைத்தட்டுகளில் அதை மட்டும் தனியே வெட்டி வெளியிடும் பழக்கத்தால் வந்த வினை இது.) ஐந்தாம், ஆறாம் பகுதிகளான ‘தாபோர்’, ‘பிளானிக்’ இரண்டும் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹூஸைப் பின்பற்றிய பதினைந்தாம் நூற்றாண்டு ஹூசைட் வீரர்களின் போர்ப்பாடலின் மேல் எழுப்பப்பட்டவை, செக் வரலாறு அங்கே நேரடியாகவே ஒலிக்கிறது. பிளானிக் மலைக்குள் உறங்கும் வீரர்கள், நாட்டுக்குப் பெருந்துன்பம் நேரும்போது விழித்தெழுவார்கள் என்பது செக் மக்களுடைய தொன்மக் கதை. ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த மக்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

அந்திவானம் எழுதியது:
1874ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஸ்மெதனா செவித்திறனை முற்றாக இழந்தார்; ‘வல்தவா’வை அதன்பின் சில வாரங்களில் எழுதினார். அவர் இறந்த மே 12ஆம் நாளில் இந்தப் படைப்போடு ‘பிராகா வசந்தம்’ இசை விழா தொடங்குவது மரபாயிற்று. 1948இல் நாட்டைவிட்டு வெளியேறிய நடத்துநர் ரஃபேல் குபெலிக், கம்யூனிச ஆட்சி வீழ்ந்த பின் 1990இல் திரும்பி வந்து அவ்விழாவில் இதை நடத்தினார். அந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு மெட்டின் பூர்வீகத்தைப் பேசலாம்.

குழலோசை எழுதியது:
நன்றி. ‘தாபோர்’ முடியும் அதே சுரங்களில் ‘பிளானிக்’ தொடங்குவதை நேற்றிரவுதான் கவனித்தேன். குபெலிக்கின் பதிவை இன்று ஆறு பகுதிகளும் இடைவெளியின்றிக் கேட்கப் போகிறேன்.