அக்கல்டேஷன் என்றால் கிரகணமா?

வேலூர் மீனா:
பத்தாவது படிக்கும் என் மகள் பள்ளி வானியல் மன்றத்துக்காக ஓர் ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறாள். நிலவு அன்டாரெஸை ‘அக்கல்ட்’ செய்கிறது என்று அதில் வருகிறது. அகராதியில் அக்கல்ட் என்று தேடினால் மாந்திரீகம், அமானுஷ்யம் என்று காட்டுகிறது. கிரகணம் என்று எழுதிவிடலாமா? அந்தப் பேச்சைக் கேட்டதுமே என் மாமியார் அன்றைக்குச் சமைக்கலாமா என்று கேட்கிறார்.

ஆலங்காயம் மொட்டைமாடி:
கிரகணம் வேண்டாம்மா, ‘மறைப்பு’ என்று எழுதச் சொல்லுங்கள். அன்டாரெஸ் நம்முடைய கேட்டை. “நிலவு கேட்டையை மறைக்கிறது” என்றால் யாருக்கும் புரியும். மாந்திரீகத்துக்குச் சொல்லும் அக்கல்ட்டும் இதுவும் ‘மறைத்தல்’ என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை, உறவு அத்தோடு சரி. அத்தையைத் தாராளமாகச் சமைக்கச் சொல்லுங்கள்.

சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் நிலவின்மேல் விழுகிறது. மறைப்பில் நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே நிலவே வந்து நிற்கிறது. ஆனால் எல்லா நட்சத்திரத்தையும் நிலவால் மறைக்க முடியாது. பளிச்சென்று தெரிகிறவற்றில் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை நான்கும்தான் அதன் பாதையில் வருகின்றன. அதுவும் சில வருடங்கள் தொடர்ந்து நடக்கும், பிறகு பல வருடங்கள் கிடையாது. திருவாதிரை பாதைக்கு வெகு தெற்கே இருப்பதால் ஒருபோதும் மாட்டாது.

மகளைக் கட்டாயம் பார்க்க வையுங்கள். பௌர்ணமிக்கு முன் வரும் மறைப்பு என்றால் இன்னும் நல்லது. அப்போது நிலவின் இருண்ட விளிம்பு முன்னால் போகும். விளிம்பே கண்ணுக்குத் தெரியாது, நட்சத்திரம் எரிந்துகொண்டே இருந்து சட்டென்று இல்லாமல் போகும். நிலவில் காற்று மண்டலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால் மெல்ல மங்குகிற பேச்சே இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியில் காட்டும்போது ஒவ்வொரு முறையும் “ஹோ”வென்று கத்துவார்கள். ஒரு மணி நேரத்துக்குள்ளோ சற்றுக் கூடுதலாகவோ மறுபக்கம் வெளியே வந்துவிடும். நேரம் ஊருக்கு ஊர் மாறும், அதனால் சென்னைக் கணக்கை நம்பி வேலூரில் காத்திருக்க வேண்டாம்.

குமரன்:
சார், அப்படிப் பார்த்தால் சூரிய கிரகணமும் மறைப்புதானே? நிலவு சூரியனை மறைக்கிறதே?

ஆலங்காயம் மொட்டைமாடி:
சரியான கேள்வி தம்பி. நடப்பது மறைப்பேதான். பழக்கத்தில் கிரகணம் என்கிறோம், அதை மாற்ற வேண்டியதில்லை. முன்னால் போவது பின்னால் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரிந்தால் இடைநகர்வு. 2004-லும் 2012-லும் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகப் போனதே, அது அந்த வகை.

மீனாம்மா, மகளின் குறிப்பில் இடமிருந்தால் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். 1819-இல் வியன்னாவில் கேட்டை நிலவுக்குப் பின்னாலிருந்து வெளிவந்தபோது, முதலில் ஒரு மங்கலான புள்ளி தோன்றி, சில நொடி கழித்துத்தான் முழு வெளிச்சம் வந்தது. கேட்டைக்கு ஒரு துணை நட்சத்திரம் உண்டு என்ற தடயம் அப்படிக் கிடைத்தது. யுரேனஸின் வளையங்களும் மறைப்பில்தான் சிக்கின. 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கும் முன்பும் பின்பும் அந்த நட்சத்திரம் பல தடவை மங்கி மங்கி எரிந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் பறந்தபடி அதைப் பதிவு செய்தார்கள். அதே இரவில் எங்கள் பக்கத்துக் காவலூர் ஆய்வகத்திலும் அந்த மங்கல் பதிவானது. ஜவ்வாது மலையில் உட்கார்ந்து நம்மவர்கள் பிடித்தது அது. நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வேலூர் மீனா:
ரொம்ப நன்றி அண்ணா. ‘நிலவு கேட்டையை மறைக்கிறது’ என்றே தலைப்பு வைத்துவிட்டாள். பைனாகுலர் போதுமா?

ஆலங்காயம் மொட்டைமாடி:
கேட்டைக்குத் தாராளமாகப் போதும். கை நடுங்காமல் சுவரில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் முன்னாடியே பார்க்கத் தொடங்கிவிடட்டும்.