ஃபோனே: குரல் என்ற கிரேக்கச் சொல் ஒளியிலிருந்து பிறந்ததா?

நெய்தல்:
மொழியியல் முதலாண்டு மாணவி நான். டெலிஃபோன், மைக்ரோஃபோன் எல்லாவற்றிலும் இருக்கும் ‘ஃபோனே’ (குரல், பேச்சொலி) என்ற பழைய கிரேக்கச் சொல்லைப் பற்றி வகுப்பில் பேசப்போகிறேன். ‘ஃபோஸ்’ (ஒளி), ‘நூஸ்’ (மனம்) இரண்டும் சேர்ந்து ‘மனத்தின் ஒளி’ என்ற பொருளில் அது உருவானது என்று ஒரு குறிப்பில் படித்தேன். பழைய கிரேக்க இலக்கண உரைகாரர்களே அப்படி எழுதியிருக்கிறார்களாம். இதை நம்பிச் சொல்லலாமா?

வேர்தேடி:
உரைகாரர்கள் எழுதியது உண்மைதான். சொல் அப்படிப் பிறக்கவில்லை, தங்கச்சி. ஃபோஸ் என்பது ஏதென்ஸ்காரர்கள் வாயில் சுருங்கிய வடிவம். இலியட், ஒடிஸி காவியங்களைப் பாடிய ஹோமரிடம் ஒளிக்குரிய சொல் ஃபஒஸ், இரண்டு அசை. அதற்கும் முன்னால் நடுவில் ஒரு வகரம் இருந்தது: ஃபவொஸ். வகரம் விழுந்து, அகரமும் ஒகரமும் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அந்த நெடில் வந்தது. ஆனால் அதே ஹோமரிடம் குரல் ஏற்கெனவே ஃபோனே! ஒளி சுருங்குவதற்கு முன்பே குரலில் ஓகாரம் இருக்கிறது. பிறகு எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்று வரும்?

ஃபோனே வந்தது ஃபேமி (சொல்கிறேன்) என்ற வினையின் வேரிலிருந்து. டோரிய வட்டார வழக்கில் அது ஃபாமி. வினையில் ஆகாரம், பெயரில் ஓகாரம் என்று மாறுவது பழைய முறை. ‘அடி எடுத்து வைத்தேன்’ என்பதற்கு டோரியத்தில் எபான். அதே வேரில் பிறந்த மேடை, பலிபீடம் என்ற சொல் போமோஸ். பா-போ, ஃபா-ஃபோ. கணக்கு சரியாக வருகிறது.

கடலோடி:
‘நூஸ்’ பகுதியை நானும் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒளிக்கும் குரலுக்கும் தொடர்பே இல்லை என்று கதவைச் சாத்துவதை ஏற்க மாட்டேன்.

இலியட் 18-ஆம் காண்டம். நண்பன் பத்ரோக்லஸ் இறந்த பின் கிரேக்க வீரன் அகில்லஸ் அகழி ஓரம் நின்று கத்துகிறான். அந்தக் குரலுக்கு ஹோமர் தரும் அடைமொழி ‘அரிஸேலே’. மிகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவது என்பதுதான் அதன் பொருள். 22-ஆம் காண்டத்தில் அதே அகில்லஸ் ஓடி வரும்போது, ஓரியனின் நாய் என்னும் விண்மீனுக்கு அவனை ஒப்பிடுகிறார். அந்த மீனின் கதிர்களுக்கும் இதே சொல். ஒடிஸி 8-ஆம் காண்டம், 499-ஆம் வரி: பாணன் தெமோதோகஸ் மரக்குதிரைக் கதையைப் பாடத் தொடங்கும் இடம். ‘ஃபைனே அவொய்தேன்’, பாட்டைக் காட்டினான், ஒளிரச் செய்தான். ஃபைனோ என்பது ஒளி வேரில் பிறந்த வினை. காதால் கேட்பதைக் கண்ணால் காண்பதாகச் சொல்லும் பழக்கம் அவ்வளவு பழையது.

வேர்தேடி:
இரண்டும் அருமையான இடங்கள். ஆனால் அவை கவிஞன் சொல்லை ஆளும் விதத்தைக் காட்டுகின்றன, சொல் பிறந்த விதத்தை அல்ல. நீங்கள் காட்டிய அகில்லஸ் வரிக்கு அடுத்த வரியிலேயே அவன் குரல் ‘ஒப கல்கெயொன்’, வெண்கலக் குரல். நம் மேடைப் பாடகர்களுக்கும் வெண்கலக் குரல் என்றுதான் சொல்கிறோம். அதை வைத்து குரலுக்கும் வெண்கலத்துக்கும் ஒரே வேர் என்று யாரும் சொல்வதில்லையே.

‘மனத்தின் ஒளி’ என்ற விளக்கத்துக்கு ஹோமரிடமே மறுப்பும் இருக்கிறது. ஒடிஸி 10-ஆம் காண்டத்தில் சூனியக்காரி கிர்கே ஒடிசியஸின் ஆட்களைப் பன்றிகளாக்குகிறாள். அவர்களுக்குப் பன்றித் தலை வந்தது, பன்றியின் ஃபோனே வந்தது, மயிர் வந்தது, உடல் வந்தது. ஆனால் நூஸ் மட்டும் முன்பு இருந்தபடியே இருந்தது என்கிறார். குரல் போயிற்று, மனம் நின்றது! ஃபோனே என்றதும் மனத்தை நினைக்கும் வழக்கம் அன்று இருந்திருந்தால் இந்த வரியே எழுத வந்திருக்காது. பன்றிக்கும் ஃபோனே உண்டு, எக்காளத்துக்கும் உண்டு. அகில்லஸின் குரலுக்கு அங்கே உவமையாக வருவதே எக்காளத்தின் ஃபோனேதான்.

வெண்பாப்பித்தன்:
குறுக்கே வருகிறேன். நாம் சொல்லும் பாஷையும் இந்த ஃபேமியும் ஒரே வேரா?

வேர்தேடி:
அப்படிக் கருதியவர்கள் உண்டு. ஆனால் பாஷ் என்ற வேரின் ஷகரத்தை எப்படி விளக்குவது என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. அதனால் நான் அதைச் சான்றாகக் கொள்வதில்லை. உறுதியான உறவுகள் வேறு இருக்கின்றன. இலத்தீனில் ஃபாரி (பேசுதல்), ஃபாமா (ஊர்ப்பேச்சு, புகழ்), ஃபாபுலா (கதை), இன்ஃபான்ஸ் (பேச்சு வராத குழந்தை). ஆர்மீனியத்தில் பன் (சொல்). யோவான் நற்செய்தி ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்று தொடங்குமே, ஆர்மீனிய விவிலியத்தில் அந்த வார்த்தை இதுதான். ரஷ்ய மொழியில் நீதிக்கதைக்குப் பாஸ்ன்யா.

கடலோடி:
பித்தன் ஐயா நல்ல இடத்தில் கை வைத்தார். சமஸ்கிருதத்தில் ‘பாதி’ என்றால் ஒளிர்கிறது. பானு, பிரபா எல்லாம் அந்த வேர்தான். இப்போது அடுக்கிப் பாருங்கள். ஒளிர்தல் என்ற வேரையும் பேசுதல் என்ற வேரையும் மூல இந்தோ-ஐரோப்பிய (இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியின்) வடிவத்துக்குக் கொண்டுபோனால், இரண்டும் ஓரெழுத்துகூட மாறாமல் ஒன்றாகவே நிற்கின்றன. பொருளும் எட்டாத தூரமில்லை. வெளிப்படுத்துதல் என்ற ஒன்றிலிருந்து இரண்டும் கிளைக்கலாம். இத்தனையும் தற்செயலா?

அரிஸ்டாட்டிலையும் கொஞ்சம் பாருங்கள். ‘ஆன்மாவைப் பற்றி’ இரண்டாம் நூலில், இருமல் ஒலிதான், ஆனால் ஃபோனே இல்லை என்கிறார். ஒலி ஃபோனே ஆக உயிர் வேண்டும், கூடவே ஃபந்தாசியா (மனக்காட்சி) வேண்டும். அடுத்த நூலில் ஃபந்தாசியா என்ற பெயர் ஃபஒஸிலிருந்து வந்தது, ஒளி இல்லாமல் பார்க்க முடியாது அல்லவா என்று அவரே எழுதுகிறார்.

வேர்தேடி:
அவர் ஒளியோடு கட்டியது ஃபந்தாசியாவை. ஃபோனேயை எங்கே கட்டினார்?

ஒரே ஒலி என்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மேலே சொன்ன வெண்கலக் குரலே போதும். அங்கே குரலுக்குரிய சொல் ஒப்ஸ். பார்வைக்குரிய சொல் ஒப்சிஸ். குரலும் காட்சியும் ஒரே ‘ஒப்’! உங்கள் வாதப்படி இதுவும் ஒரே வேர் ஆக வேண்டும். ஆனால் யாப்பு விடவில்லை. ‘அயிஒன் ஒப கல்கெயொன்’ என்ற இடத்தில் ‘ஒன்’ என்ற அசை நெடிலாக நின்றால்தான் அடி ஓடும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அது குறில். அடி ஓடுகிறது என்றால், அங்கே உச்சரிப்பில் மறைந்த ஒரு வகரம் இருந்தது: வொப. இலத்தீன் வோக்ஸ், சமஸ்கிருத வாக் இரண்டும் அந்த வகரத்துக்குச் சாட்சி. பார்வைச் சொல்லின் வேரில் வகரமே கிடையாது. இரண்டு குடும்பங்கள், வெளியே ஒரே முகம்.

கடலோடி:
சரி, ஒப்ஸில் பிரித்துக் காட்ட ஒரு வகரம் கிடைத்தது. ஃபா வேரில் அப்படி எது கிடைத்திருக்கிறது? ஒன்றுமில்லை. பிரிக்கச் சான்று இல்லாத இடத்தில் பிரிவைத் தீர்ப்பாக எழுதுவது எப்படி நியாயம்?

வேர்தேடி:
சேர்க்கிறவர்தான் சான்று தர வேண்டும், நண்பரே. 1959-இல் வந்த போகோர்னியின் இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவாகத்தான் வைத்திருக்கிறது. பின்னால் வந்த வினைவேர் அகராதியும் அப்படியே. காரணம் இருக்கிறது. இலத்தீன், ஆர்மீனியம், ஸ்லாவியம், கிரேக்கம் என்று நான் தந்த சொற்களில் எல்லாம் பொருள் பேச்சு, கதை, புகழ் என்றே வருகிறது. ஒளியின் தடம் எதிலும் இல்லை. இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்திருந்தாலும், கிரேக்கம் என்ற மொழி தோன்றும் முன்பே பிரிந்தாகிவிட்டது. ஃபோனே பிறந்தபோது அதன் தாய் ‘சொல்’ என்ற வினை. நெய்தல் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

நெய்தல்:
அப்படியென்றால் ‘ஃபேமியின் வேரில் பிறந்தது, மனத்தின் ஒளி என்பது பிற்கால உரைகாரர்களின் விளக்கம்’ என்று சொல்கிறேன். ஃபஒஸ் சுருங்கிய கதையும் கிர்கேயின் பன்றிகளும் உரையில் கட்டாயம் வரும். கடலோடி அண்ணா, உங்களுக்கு இது சம்மதமா?

கடலோடி:
கிரேக்கத்துக்குள் நிற்கும்வரை சம்மதம், அம்மா. அதற்கு முந்தைய வேர்களைப் பற்றிப் பேசினால் ‘வேறு வேர்கள்’ என்று முடிக்காதே, ‘தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள்’ என்று மட்டும் சொல். தெமோதோகஸ் பாட்டைக் ‘காட்டிய’ அந்த 499-ஆம் வரியை மூலத்தோடு எடுத்து வை. ஃபைனே என்ற வினை அங்கே ஏன் வந்தது என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும்.